இடாப்பு யார் கையில் இருந்தது? வன்னியிலிருந்து பார்த்த ருவாண்டா

1994 ஏப்ரலில் எனக்குப் பதினைந்து வயது. இலங்கையின் வடக்கே வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்கள் வளவு. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வருவதில்லை. தப்பித் தவறி வந்தாலும் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருக்காது. ஆகவே இரவானால் ஐயாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்குவது என் வேலை. ஒன்பதே காலுக்கு பிபிசியின் தமிழோசை. என் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். "சுற்று தம்பி, சுற்று" என்று திண்ணையில் இருக்கும் நான்கைந்து பேரும் ஒன்றாகக் குரல் கொடுப்பார்கள்.

ருவாண்டா என்ற பெயரை அப்படித்தான் முதலில் கேட்டேன். ஒரு ஜனாதிபதியின் விமானம் விழுந்தது. அடுத்த அடுத்த நாட்களில் செத்தவர்களின் தொகை ஆயிரம், பல்லாயிரம் என்று ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சங்கக்கடை மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அவர்கள் காட்டுச் சனம். காலங்காலமாக ஆளை ஆள் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்த்தால் இரண்டு பகுதியும் ஒரே மாதிரித்தானே இருக்கிறது. என்னத்துக்கு வெட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது."

யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பக்கத்து வளவு ஆச்சி மட்டும் பேசினார். 1977இல் தமிழர்களைத் தாக்கியபோது இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பித்தளைச் செம்போடும் வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கம் வந்து குடியேறியவர். "ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்றால், யாரை வெட்ட வேண்டும் என்று வெட்டுகிறவனுக்கு எப்படித் தெரிந்தது? இடாப்பு, அந்தப் பெயர்ப் பட்டியல், யார் கையில் இருந்தது?" என்று கேட்டார்.

பதில் சொல்ல எவருமில்லை. செய்தி முடிந்தது. நான் சைக்கிளை நிமிர்த்தினேன்.

முப்பது வருடங்களாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. தூரத்து நாடொன்றில் ஓர் இனத்தை இன்னோர் இனம் அழிக்கும்போது, வெளியே இருப்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியாமல் போகிறது என்பதை ருவாண்டாவை வைத்துப் பார்க்க முயல்கிறேன். வன்னியில் இருந்துகொண்டு பார்க்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கப்பட்டவர்கள் நாங்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களும் நாங்கள்தான்.

நடந்தது

1994 ஏப்ரல் 6ஆம் திகதி இரவு கிகாலி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ருவாண்டா ஜனாதிபதி ஜுவெனால் ஹபியாரிமானாவும் அண்டை நாடான புருண்டியின் ஜனாதிபதியும் அதில் இறந்தார்கள். விடிவதற்குள் தலைநகரின் தெருக்களில் தடைகள் முளைத்துவிட்டன. மறுநாளே பிரதமர் அகாதே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவர் பெரும்பான்மை ஹூட்டு இனத்தவர், கொன்றவர்களும் ஹூட்டுக்கள். அழிப்பதற்குக் குறிக்கப்பட்டவர்கள் சிறுபான்மைத் துட்சிகள். ஆனால் திட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்த ஹூட்டுக்கள்தான் முதல் நாளிலேயே கொல்லப்பட்டவர்களுள் முக்கியமானவர்கள். "இரண்டு இனங்கள் மோதிக்கொண்டன" என்று எழுதியவர்கள் இந்த ஒன்றைக் கவனித்திருந்தாலே தங்கள் வாக்கியத்தை அழித்திருப்பார்கள். சுமார் நூறு நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். குறைத்துச் சொல்பவர்கள் ஐந்து லட்சம் என்கிறார்கள். ருவாண்டா அரசு பத்து லட்சத்துக்கு மேல் என்கிறது.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். ஹூட்டுவும் துட்சியும் பேசுவது ஒரே மொழி, கின்யர்வாண்டா. பெரும்பாலும் ஒரே மதம், ஒரே மலைச்சரிவு, ஒரே சந்தை. கலப்புத் திருமணமும் நிறைய. முகத்தைப் பார்த்து நிச்சயமாகப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டியது ஒரு துண்டு அட்டை. 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர்கள் சனத்தொகையைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவரும் ஹூட்டுவா, துட்சியா, மூன்றாவது சிறு பிரிவான த்வாவா என்று எழுதிய அடையாள அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதுவரை ஓரளவுக்கு இளகிக் கிடந்த பிரிவு அன்றோடு இறுகிவிட்டது. 1962இல் சுதந்திரம் கிடைத்தது, அட்டை மாறவில்லை. 1994இல் வீதித் தடைகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான்.

அட்டை மட்டுமல்ல, இடாப்பும் இருந்தது. அதைப் பற்றிய தகவல் மூன்று மாதம் முன்பே நியூயோர்க் போய்ச் சேர்ந்திருந்தது. ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படையின் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ டாலேர், 1994 ஜனவரி 11ஆம் திகதி தலைமையகத்துக்கு ஒரு தகவல் அனுப்பினார். ஆயுதக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவன் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறான். கிகாலியில் இருக்கும் துட்சிகள் எல்லோரையும் பதியும்படி அவனுக்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது. அது அவர்களை அழிப்பதற்காகத்தான் என்று அவன் சந்தேகிக்கிறான். ஒளித்து வைத்த ஆயுதங்களைக் கைப்பற்றப் போவதாகவும் டாலேர் எழுதினார். தலைமையகம் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. முத்தையன்கட்டில் எழுத்தறிவில்லாத ஒரு தோட்டத் தொழிலாளி ஏப்ரலில் கேட்ட கேள்விக்குப் பதில் ஜனவரியிலேயே ஓர் அலுவலகத்தில் இருந்திருக்கிறது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

தூரத்தில் தெரிந்தது

வெளியே இருந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை? "கண்ணை மூடிக்கொண்டார்கள்" என்று ஒரு வரியில் முடிக்கலாம். அது பாதி உண்மைதான். கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கும் பிழையான படமே தெரிந்தது. அந்தப் பிழை எப்படி உண்டானது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அங்கே ஒரே நேரத்தில் இரண்டு நடந்துகொண்டிருந்தன. ஒன்று, உகண்டாவிலிருந்து 1990இல் உள்ளே வந்த துட்சிகளின் படைக்கும் அரச படைக்கும் இடையிலான போர். மற்றது, போர்முனைக்கு வெகு தூரத்தில், தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் மலைச்சரிவிலும் நிராயுதபாணிகளைத் தேடித் தேடிக் கொன்றது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி "உள்நாட்டுப் போர்" என்று பெயர் வைத்தார்கள். போர் என்றால் உலகத்துக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: போர் நிறுத்தம். ஆகவே வாரக்கணக்கில் போர் நிறுத்தம் கேட்டார்கள். தேவாலயத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தாய் யாரோடு போர் நிறுத்தம் செய்வாள்?

பார்க்கக்கூடிய கண்களும் குறைந்துபோயின. முதல் வாரத்திலேயே பிரான்சும் பெல்ஜியமும் விமானங்களில் படைகளை இறக்கித் தங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. வெளிநாட்டுச் செய்தியாளர்களில் பலர் அந்த விமானங்களிலேயே போனார்கள். அதே மாதக் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். ஆப்பிரிக்காவைத் தெரிந்த செய்தியாளர்கள் அங்கே குவிந்திருந்தார்கள். ஏப்ரல் 11ஆம் திகதி கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்தைக் காத்து நின்ற பெல்ஜிய ஐ.நா. வீரர்கள் கட்டளை வந்ததும் புறப்பட்டார்கள். உள்ளே சுமார் இரண்டாயிரம் பேர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். வண்டிகள் வெளியேறின, வெளியே காத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போனார்கள். பத்து நாள் கழித்து, ஏப்ரல் 21இல், ஐ.நா. பாதுகாப்புச் சபை படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது.

காது கேட்காமற்போனது இன்னொரு கதை. ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி 1993 யூலையில் தொடங்கியது. நல்ல பாட்டு, பகிடி, தெருவோரப் பேச்சு நடை. இளைஞர்களுக்கு அதைப் பிடித்திருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவே துட்சிகளைக் "கரப்பான் பூச்சிகள்" என்றது. கொலை தொடங்கிய பிறகு ஆட்களின் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் அறிவித்தது. கின்யர்வாண்டா விளங்காத வெளிநாட்டுக்காரருக்கு இதன் கனம் தெரியவில்லை. அந்த அலைவரிசையைக் குழப்பிவிடுங்கள் என்ற கோரிக்கையைச் செலவையும் சட்டத்தையும் காட்டி அமெரிக்கா தட்டிக்கழித்தது. 2003 டிசம்பரில் தான்சானியாவின் அரூஷாவில் இருந்த சர்வதேச நீதிமன்றம் அந்த வானொலியைத் தொடங்கியவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. மிகவும் பிந்திப்போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வளர்ந்த எனக்கு இது தாங்க முடியாத பகுதி. எங்களுக்கு வானொலி உலகத்தோடு இருந்த ஒரே கயிறு. அங்கே அதே பெட்டி அயல்வீட்டானின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது.

தூரம்தான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அலிசன் டெ ஃபோர்ஜ் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்தபடி தொலைபேசியில் கிகாலியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மொழியும் வரலாறும் அவருக்குத் தெரியும். இது இன அழிப்பு என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்களில் அவர் ஒருவர். அதே வேளை அமெரிக்க வெளியுறவுத் துறையின் பேச்சாளர் யூன் மாதத்திலும் "இன அழிப்புச் செயல்கள் நடந்திருக்கின்றன" என்பதற்கு அப்பால் போகாமல் தடுமாறினார்.

பிறகு கமெராக்கள் வந்தன. கொலைக்கு அல்ல, கொலேராவுக்கு. யூலை நடுப்பகுதியில் துட்சிகளின் படை வெல்ல, ஹூட்டுக்கள் லட்சக்கணக்கில் எல்லையைக் கடந்து சயீரின் (இன்றைய கொங்கோ) கோமா நகருக்குப் போனார்கள். எரிமலைக் கற்பாறையில் தண்ணீரில்லை. தொற்றுநோயில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்து அழுதது; உதவி குவிந்தது. அந்தக் குழந்தைகள் செத்தது பெரும் துயரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே கூட்டத்தில்தான் கொலையை ஒழுங்கு செய்தவர்களும் ஆயுதத்தோடு போயிருந்தார்கள்; முகாம்களைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் ருவாண்டாவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்த ஒருவருக்கு, யார் யாரிடமிருந்து ஓடுகிறார்கள் என்பது தலைகீழாகவே பதிந்திருக்கும்.

கிளிநொச்சி வாசல்

பெல்ஜிய வீரர்கள் விட்டுப்போன அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பற்றி வாசிக்கும்போது வன்னியில் எவருக்கும் வேறொரு வாசல் நினைவுக்கு வரும். 2008 செப்டெம்பரில் இலங்கை அரசாங்கம் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டுப் போகச் சொன்னது. கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாசலில் சனங்கள் கூடி நின்று "போகாதீர்கள்" என்று மன்றாடினார்கள். "நீங்கள் போனால் எங்களுக்கு நடப்பதைப் பார்க்க ஆள் இருக்காது" என்பதுதான் அந்த மன்றாட்டத்தின் பொருள். வாகனங்கள் வன்னியை விட்டு ஓமந்தைப் பக்கம் போயின. 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வு தன் அமைப்பின் தவறுகளைத் தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ருவாண்டாவில் ஐ.நா. நடந்துகொண்ட விதம் பற்றிய சுயாதீன விசாரணை அறிக்கை 1999இல் வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஊர்ப் பெயர்களை மாற்றிப் போட்டதுபோல் சில பந்திகள் இருக்கின்றன.

நடந்தவை இரண்டும் ஒன்றல்ல. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வன்னியில் நடந்தது இரு படைகள் மோதிய போரின் முடிவு. அரச படை, தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளும் வைத்தியசாலைகள் மீதும் ஷெல் அடித்தது. விடுதலைப் புலிகள் சனங்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பினார்கள். இவை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னவை. தறப்பாளுக்குக் கீழே பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு இரண்டும் அதற்கு முன்பே தெரியும்.

ஒத்துப்போவது பார்க்கப்பட்ட விதம். செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. எண்கள் பேசப்பட்டன. 2009 தொடக்கத்தில் உள்ளே எழுபதாயிரம் பேரே இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. உணவும் அந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டது. கடைசியில் உயிரோடு வெளியே வந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அளவில் இருந்தார்கள். ஒரு பிடி அரிசியை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று இந்தக் கணக்கு சொல்லும். கோமாவில் வந்ததுபோலவே இங்கும் கமெரா பிந்தித்தான் வந்தது: செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குப் பின்னால் நின்ற முகங்களை உலகம் பார்த்தது, ஷெல் விழுந்த மாத்தளனில் அந்த முகங்கள் இருந்ததைப் பார்க்கவில்லை. 2009 மே 27இல் ஐ.நா. மனித உரிமைச் சபை, 29 நாடுகளின் ஆதரவோடு, இலங்கையைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் மண் அப்போதும் ஈரமாக இருந்தது.

வாசிகசாலைப் பலகை

சென்ற வருடம் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரோடு சில சனிக்கிழமைகள் இதைப் படித்தோம். ஒரே ஒரு பயிற்சிதான் கொடுத்தேன். பழைய, புதிய பத்திரிகைகளில் தூரத்து நாட்டு வன்முறைச் செய்திகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எது, பயனிலை எது என்று கோடு போட வேண்டும்.

பிள்ளைகள் முதல் அரை மணித்தியாலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "கலவரம் வெடித்தது." "மோதல் மூண்டது." "வன்முறை பரவியது." "பலர் உயிரிழந்தனர்." எல்லாம் தன்வினை. எழுவாயாகச் செய்த ஆளே இல்லை; கலவரம் எழுவாய், அல்லது செத்தவர்கள் எழுவாய். மழை பெய்தது, குளம் உடைந்தது என்பதுபோல் கலவரம் தானாக வந்து தானாகப் போகிறது. தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்குப் பிறவினை தெரியும்: வெடிக்கவைத்தார்கள், மூட்டினார்கள், பரப்பினார்கள். "உயிரிழந்தனர்" என்பதற்குக் "கொன்றார்கள்". இப்படி மாற்றியவுடன் "யார்?" என்று வாக்கியமே கேட்கிறது. அதற்குப் பதில் எழுத வேண்டுமானால் செய்தியாளர் அட்டையைத் தேட வேண்டும், இடாப்பைத் தேட வேண்டும், கட்டளையைத் தேட வேண்டும்.

ஒரு பையன் கேட்டான்: "சேர், நாங்களே 58 கலவரம், 77 கலவரம், 83 கலவரம் என்றுதானே சொல்கிறோம்?" சொல்கிறோம். ஆச்சியும் கடைசிவரை "கலவரத்தில் வந்தேன்" என்றுதான் சொன்னார். 1983 யூலையில் கொழும்பில் சிங்களக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீட்டிலக்கத்தைத் தேடி வந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் சிங்களக் கைதிகள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். வவுனியாவில் 77இல் வந்தவர்களைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரமும் அவர்களில் ஒருவர். பூட்டிய சிறைக்குள் கலவரம் தானாக வெடிக்குமா? வெளிநாட்டுப் பத்திரிகை "இனக் கலவரம்" என்று எழுதியபோது நாம் மனம் கொதித்தோம். அந்தச் சொல் நம் வீட்டிலும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிள்ளை, பள்ளிக்கூடச் சிறப்பு மலரொன்றிலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்துகொண்டு வந்தாள். "1990இல் முல்லைத்தீவு மாவட்ட முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்." அவளுடைய வீடு தண்ணீரூற்றுப் பக்கம். அந்தக் கிழமை, புத்தளத்திலிருந்து திரும்பி வந்து குடியிருக்கும் முதியவர் ஒருவரிடம் அதைக் காட்டியிருக்கிறாள். அவர் வாசித்துவிட்டு, "பிள்ளை, நாங்கள் இடம்பெயரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாராம்.

பதினொரு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருவாண்டாவைப் பிறவினைக்கு மாற்ற அவர்களுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. இதற்கு நேரம் எடுத்தது. சிலருடைய வீட்டுச் சுவரில் புலிகளின் மாவீரரான மாமாவின், பெரியப்பாவின் படம் இருக்கிறது. என் வீட்டிலும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள், சுமார் எழுபத்தையாயிரம் பேர், வெளியேற்றப்பட்டார்கள். அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த நீராவிப்பிட்டிக்கும் எங்கள் திண்ணைக்கும் சைக்கிளில் போய் வரும் தூரம்தான். அந்த வருடம் எங்கள் திண்ணையில் அதைப் பற்றி எவரும் உரத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. "சனம் போய்விட்டது" என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள்.

அவள் சோக்கை எடுத்து "இடம்பெயர்ந்தனர்" என்பதை அழித்தாள். "வெளியேற்றப்பட்டனர்" என்று எழுதினாள். கொஞ்ச நேரம் நின்றாள். அதையும் அழித்துவிட்டு, முன்னால் எழுவாயைச் சேர்த்து எழுதினாள்: "1990இல் விடுதலைப் புலிகள் முல்லைத்தீவு மாவட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள்."

அதைத் தாளில் எழுதி, 83ஐப் பற்றிய வாக்கியத்துக்கும் ருவாண்டாவைப் பற்றிய வாக்கியத்துக்கும் பக்கத்தில் வாசிகசாலைச் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் பார்த்தபோது எழுவாயை மட்டும் யாரோ நீலப் பேனையால் அழுத்தி வெட்டியிருந்தார்கள். அவள் புதுத் தாளில் எழுதி ஒட்டினாள். அதிலும் வெட்டினார்கள். இப்போது சுவரில் இருப்பது மூன்றாவது தாள்.